மேல் நட்டு

சுமோவுக்கு அடியிலிருந்து என் வீட்டுக்காரர் ஆதிமூலத்தின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மணி ஒன்பது. ஒன்றரைக்கு ராகுகாலம். அதற்குள் எங்கள் ரேணுகாவை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியாக வேண்டும்.

கல்யாணமாகி முதல் ஆடி. ஒரு மாசம் பெண்ணைப் பிறந்த வீட்டில் வைத்துக்கொண்டாயிற்று. இன்று ஆவணி ஒன்று, வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மருமகள் அங்கே இருப்பாள் என்று சம்பந்தியம்மா மங்கம்மாவிடம் போனில் வாக்குக் கொடுத்தவள் நான்தான். இடையஞ்சாவடி என்ன சீமையிலா இருக்கிறது? வண்டியில் போனால் ஒரு மணி நேரம்.

இந்த மனுஷனோ நேற்று மத்தியானமே ஆயில் டப்பாவோடு வந்து இறங்கினார். பின்பக்கத்துக் கிரவுன் ஆயிலை மாற்றாமல் பெண்ணை இதில் ஏற்ற மாட்டேன் என்றார். காலையில் கோணியை விரித்துப் படுத்துவிட்டார்.

மாற்ற வேண்டியதுதான். ஆடிப்பெருக்கு அன்று உப்பளத்து ஓடையில் வண்டியை இறக்கியதில், பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற கிரவுன் என்கிற அந்த இரும்பு உருண்டைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அதற்கப்புறம் ரெண்டு வாரம் அதே வண்டியில்தான் அனுமந்தைக்கும் திண்டிவனத்துக்கும் சவாரி ஓட்டினார். அப்போதெல்லாம் ஆயில் ஞாபகம் வரவில்லை.

சட்டியில் பழைய ஆயில் வடிந்தது. பார்க்க டீக்கடை டீ மாதிரியே இருந்தது.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. புது ஆயில் ஊற்ற மேலே ஒரு நட்டு உண்டு. சதுர முனை வைத்த சாவி ஒன்றுதான் அதற்குப் பொருந்தும், வேறு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. அந்தச் சாவியைக் காணோம்.

ஆரம்பித்தேன் நான்.

இருபத்தைந்து வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிற ஆள். தன்னிடம் தொழில் கற்றுக்கொண்டவன் ஒவ்வொருவனுக்கும் இவர் முதல் நாள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். மேல் நட்டு கழன்று வருகிறதா என்று பார்க்காமல் கீழ் நட்டில் கை வைக்காதே. இந்த ஊர் உப்புக் காற்றில் மேல் நட்டு இறுகிக் கிடக்கும், கீழே வடித்துவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அடுப்பங்கரையில் நிற்கிற எனக்கே அது மனப்பாடம்.

அதே ஆதிமூலம் சாவி கையில் இல்லாமலே கீழ் நட்டைத் திறந்துவிட்டு மல்லாந்து கிடக்கிறார்!

"ஏன்யா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? சம்பந்தியம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்.

கால் கட்டைவிரல் மட்டும் ஆடியது.

மரக்காணம் கடைத்தெருவில் மெக்கானிக் தங்கராசுவிடம் சாவி வாங்கி வரலாமே என்றேன். அவனிடம் இருக்காது என்றார். போய்ப் பார்த்தால்தானே தெரியும் என்றேன். போய்ப் பார்த்தாலும் இருக்காது என்றார். அப்படியானால் பஸ்ஸில் அனுப்பிவிடுவோம் என்றேன். அதற்கு மட்டும் தலையை வெளியே நீட்டி முறைத்துவிட்டு மறுபடி உள்ளே போனார்.

கண் சிவந்திருந்தது. ஆயில் பட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

ரேணுகா பட்டுப்புடவையோடு வாசற்படியில் உட்கார்ந்து அப்பாவின் கால்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "வுடும்மா, நாளைக்குப் போய்க்கிறேன்."

நாளைக்கு வெள்ளி. வெள்ளிக்கிழமை யாராவது வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்புவார்களா? லட்சுமியையே அனுப்பிவிட்ட மாதிரி ஆகிவிடாதா? சனிக்கிழமை பேச்சே கிடையாது. இன்று விட்டால் ஞாயிறுதான். தினசரி காலண்டரைக் கிழிக்கிறவர் அவர். இது அவருக்குத் தெரியாதா என்ன.

வீட்டுக்குள் தேடிப் பார் என்றார். தேடினேன். பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், தையல் மெஷின் டிராயரில். சாமான்களை உருட்டிய சத்தம் வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

"கெடைச்சுதாடி?" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. கிடைத்துத் தொலைக்கப் போகிறதே என்று பயந்த குரல்.

"எங்கியும் காணோம்யா!"

"அய்யய்யோ," என்றார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமான ஒரு அய்யய்யோவை அந்த மனுஷன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

மங்கம்மாவுக்குப் போன் போட்டேன். வண்டி படுத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுகிறோம் என்றேன். சம்பந்தியம்மா காதில் விழட்டும் என்று வீட்டுக்காரரை நாலு வார்த்தை திட்டியும் வைத்தேன். அந்தம்மா, ஞாயிற்றுக்கிழமையாவது வண்டி ஓடுமா என்று மட்டும் கேட்டார். ஓடும் என்றேன்.

வாசலில் அப்பாவும் மகளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்பங்கரைக்குப் போய் மூன்று பேருக்கு அரிசி அளந்தேன்.

அரிசி டிரம்முக்குள் கை விட்டதும் அந்தத் துணிச்சுருள் விரலில் தட்டுப்பட்டது. நேற்று சாயங்காலம் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. சாவி இல்லையென்றால் வேலையைத் தொடங்கவே மாட்டார், கிளம்பவும் மாட்டார் என்றுதான் நினைத்தேன். கீழ் நட்டைத் திறந்தது அவருடைய சொந்த யோசனை.

முதலில் சாவியை உப்புச் சாடியில்தான் ஒளிக்கப் போனேன். உப்பு இரும்பைத் தின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேண்டுமே என்றுதான் எண்ணெய்த் துணியில் சுற்றி அரிசிக்குள் வைத்தேன்.