ஆறடி ஒயர்

செத்துப்போன ஒன்பது வோல்ட் பேட்டரியின் தலையைக் குறடால் நெம்பினாள். தகடு கழன்று கையில் வந்தது.

அதில் இரண்டு பொத்தான்கள். ஒன்று சின்ன வட்டம். இன்னொன்று பூ மாதிரி விரிந்தது. வட்டம் பிளஸ்.

முப்பத்தொரு வருடம் ஆகியும் மறக்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து அவள் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்துக் குழியில் ஒரு துளை. அதன்மேல் மெல்லிய துணி. ஆறு மாதத்துக்கு முன், புற்று வந்து, குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

மடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த கருவி. டார்ச் லைட் அளவுதான். கழுத்தோடு வைத்துப் பொத்தானை அழுத்தினால் அதிரும். வாயை அசைத்தால் அந்த அதிர்வே பேச்சாகும்.

சரியாக வரும்வரை அவள் காதில் விழக்கூடாது என்று, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். ஒரே வாரத்தில் மூன்று பேட்டரி தீர்ந்தது.

இன்று காலை சிலேட்டில் எழுதி நீட்டினார். 'கரண்ட்டில் ஓடுற மாதிரி பண்ணு.'

வாங்கிப் படித்தாள். அவர் சிலேட்டைத் திரும்ப வாங்கி, கீழே இன்னொரு வரி எழுதினார்.

'உனக்குத் தெரியும்ல.'

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ரேடியோ கம்பெனியில் இருந்தாள். நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஈயம் உருக்கி ஒயர்களைப் பத்தவைப்பார்கள். மற்றவர்கள் சொதப்பியதெல்லாம் கடைசியில் அவள் மேசைக்கு வரும். கல்யாணமாகி எட்டாம் நாள் அவர் சொன்னார், "நாளையிலேர்ந்து போக வேணாம்."

ஏன் என்று அவளும் கேட்கவில்லை. அங்கே என்ன செய்தாய் என்று அவரும் கேட்டதில்லை.

தெரிந்துதான் இருந்திருக்கிறது.

கீழ்வீட்டு டிவி மெக்கானிக்கிடம் வாங்கிவந்த சால்டரிங் அயர்ன் சூடேறிவிட்டது. ஈயக்கம்பியைத் தொட்டதும் உருகி முத்தாக நின்றது. புகை எழுந்தது. அந்த வாசனையை மூக்கு நிறைய இழுத்தாள். அவளை அறியாமல் கண்ணை மூடியிருந்தாள்.

டங்.

அவர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டினார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் வா. ஆறு மாதமாக அந்தச் சத்தம் கேட்காத தூரத்துக்கு அவள் போனதில்லை. மாடியில் துணி காயப்போடக்கூட ஓடிப்போய் ஓடிவருவாள்.

ஆனால் இரண்டு தட்டுக்கு நடுவே வீடு அமைதியாக இருந்தது. அதட்டல் இல்லை. 'ஏன் லேட்டு' இல்லை. 'யார்கிட்ட பேசின' இல்லை. அந்த அமைதியில் ஒருநாள் தன்னை மறந்து பாடிக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டர். பன்னிரண்டு வோல்ட்டை ஒன்பதாகக் குறைக்க ஒரு மூன்று கால் ரெகுலேட்டர். அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள் பேட்டரியின் தலைக்கு வரவேண்டும். சிவப்பு வட்டத்துக்கு, கறுப்பு பூவுக்கு. அவ்வளவுதான் வேலை.

சிவப்பைப் பூவின்மேல் வைத்தாள். கறுப்பை வட்டத்தின்மேல்.

இப்படியே பத்தவைத்தால் போதும். பிளக்கைச் சொருகியதும் கருவி கருகிவிடும். வேறு கருவி எப்போது கிடைக்குமோ. அவருக்கு ஒன்றும் புரியாது. யாருக்குமே புரியாது.

அயர்னை அப்படியே பிடித்திருந்தாள்.

பிறகு ஒயர்களை இடம் மாற்றினாள்.

தப்பாகப் பத்தவைக்க அவள் கைக்கு வரவில்லை.

மெக்கானிக்கிடமே வாங்கிவந்த மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஒன்பது. கருவிக்குள் பேட்டரி இருக்கும் இடத்தில் தகடு கச்சிதமாக உட்கார்ந்தது. பிளக்கைச் சொருகிவிட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

அவர் கழுத்தில் வைத்து அழுத்தினார். வண்டு மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றது.

"என்னங்க?"

மறுபடி அழுத்தினார். இந்தமுறை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஏய். முப்பத்தொரு வருடமாக அவளை அழைக்கும் சொல். அத்தனை சின்னச் சொல்லைக் கருவியால் பிடிக்க முடியவில்லை. ஆரம்பிக்கும் முன்னே முடிந்துவிடுகிறது.

அவர் மூச்சு வாங்கினார். ஒவ்வொரு எழுத்தாக இழுத்தார். ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல்.

"ஒயரை... நீளமா... போடு. சமையக்கட்டு... வரைக்கும்."

மேசைக்கடியில் மிச்ச ஒயர் சுருளாகக் கிடந்தது. சமையலறை வரைக்கும் போய்த் திரும்பி வரலாம். நாற்பதடி இழுத்தாலும் அந்தக் கருவிக்கு ஒன்றும் ஆகாது.

"நீளம் கூடினா பவர் கம்மியாயிடும்ங்க. ஆறடிக்கு மேல தாங்காது."

அவர் ஒயரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சொல்வதை நம்பியே ஆகவேண்டிய நிலை அவருக்கு இதுவரை வந்ததில்லை.

மெல்லத் தலையசைத்தார்.

அவள் மிச்ச ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். குழாயைத் திறந்து கையில் ஒட்டிய பிசுக்கைக் கழுவினாள்.

அறையிலிருந்து சத்தம் வந்தது. சொல் தெளிவில்லை. நின்றது. திரும்ப வந்தது.

"நீ... ல... வே... ணி."

கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயர். ரேஷன் கார்டில் இருக்கும் பெயர். அவர் வாயால் அதை அவள் கேட்டதில்லை.

கால் தானாக ஓரடி எடுத்து வைத்தது.

நிறுத்திக்கொண்டாள். குழாயை மூடினாள்.

இன்னொரு முறை வருகிறதா என்று, ஈரக் கையோடு, அங்கேயே நின்றாள்.