ஒன்பதாவது லெவல்

“கேம் ஆடுறவனே கேமைப் பத்திப் புகாரும் எழுதுறியோ?”

சபையை நடத்தும் உபதேசியார் ஐயாத்துரை மனுவை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தால் பாளையம்பட்டி டவுன் பஸ், நிறுத்தம் இல்லாத இடத்தில்கூட நின்றுவிடும். இன்பராஜ் எம்மாத்திரம்.

“ஆடுறதுனாலதான் எழுதுறோம் ஐயா. ஆடாதவுகளுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுல்ல.”

இன்பராஜ் நூல் மில்லில் ஷிப்ட் பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பாடுவான். பாட்டுப் பயிற்சி முடிந்தால் அவனும் கூட்டாளிகள் மூன்று பேரும் ஆலயச் சுவரில் சாய்ந்து போனில் கேம் ஆடுவார்கள். சபையில் பாதிப் பேருக்கு அது ஆகாது. அந்த நாலு பேரும்தான் இப்போது, கேம்களுக்கு வயசு போடுவது பற்றி டெல்லியில் ஜனங்களிடம் கருத்துக் கேட்டிருக்க, சரியான வயசு போடச் சொல்லி மனு எழுதியிருந்தார்கள்.

காரணம் இருந்தது. அவன் அக்கா சுகந்தியின் மகள் பெனிட்டாவுக்கு ஏழு வயசு. ‘முயல் ராஜா’ என்ற கேமில் ‘ஏழு வயது முதல்’ என்று போட்டிருந்ததை நம்பி, மாமன்காரனே போனைக் கையில் கொடுத்தான். அதில் வரும் அண்ணன் தம்பி முயல்களில், ஒன்பதாவது லெவலில் கோட்டை வாசலில் அண்ணன் முயலின் தலை உருண்டது. வீறிட்டு அழுத பிள்ளை, அதற்கப்புறம் சோற்றை வைத்தாலே, “முயலு செத்துப்போச்சே” என்று தட்டைத் தள்ளியது. இன்பராஜ் அந்தக் கேமை அன்றைக்கே போனிலிருந்து தூக்கிவிட்டான்.

“கம்பெனிக்காரன் முதல் நாலு லெவலைப் பாத்துட்டு வயசை ஒட்டிடுறான் ஐயா. அதுக்கு மேல என்ன நடக்குன்னு எவனும் பாக்குறதில்ல.”

மனுவோடு ஒரு நோட்டும் கொடுத்தான். அதில் ஐந்து கேம்கள். பக்கத்துக்கு ஒன்றாக, எந்த லெவலில் ரத்தம், எதில் கெட்ட வார்த்தை, எதில் சூதாட்டம் என்றெல்லாம் எழுதி, இவர்கள் சொல்லும் வயசையும் போட்டிருந்தான். ‘முயல் ராஜா’வுக்குப் பதினெட்டு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சாட்சிக் கையெழுத்துக்கு இடம். உபதேசியார் போட்டால் சபையே போடும். அவர் போடாவிட்டால் ஒருத்தரும் பேனாவைத் தொட மாட்டார்கள்.

“வச்சிட்டுப் போ” என்றார்.

மூன்று வாரம் ஓடிப்போயிற்று. மனுவை அனுப்பத் திங்கட்கிழமைதான் கடைசி நாள்.

இதற்கிடையில் ஊரில் என்னென்னவோ பேச்சு. பட்டன் போனைத் தவிர வேறு அறியாத உபதேசியார் பெரிய போன் வாங்கிப் போனதாகப் போன் கடை வீரபாண்டி எல்லோரிடமும் சொன்னான். அவர் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தது. கேம் ஆடுகிற பிள்ளைகள் மனம் திரும்ப வேண்டும் என்று அழுது ஜெபிக்கிறார் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைப் பன்னிரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டார். முப்பது வருஷத்தில் நடக்காத அதிசயம். ஆலயத்துக்கு வெளியே காயப்போட்டிருந்த வத்தல்கூட அன்றைக்குப் பாதிதான் காய்ந்திருந்தது.

நல்லதாக நடந்தது ஒன்றுதான். புதன்கிழமை சிறுபிள்ளைகள் ஜெபத்துக்குப் போய்வந்த பெனிட்டா, அடுக்களைக்குள் புகுந்து மூன்று இட்லி கேட்டு வாங்கித் தின்றாள். “நீ அந்தக் கேமைத் தூக்கினதுதான்லே நல்லதாப் போச்சு” என்றாள் சுகந்தி. இன்பராஜும் அப்படித்தான் நினைத்தான்.

கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தது. பெரியவர் மனுவை அமுக்கிவிட்டார் என்று கூட்டாளிகள் ஏற்றிவிட்டதில், இன்பராஜ் நேராக அவர் அறைக்குப் போனான்.

“இஷ்டம் இல்லைன்னா நோட்டைக் குடுத்துருங்க ஐயா. நாங்க நாலு பேரு போட்டே அனுப்பிக்கிடுறோம்.”

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்துப் போட்டார். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. மொத்தத்தையும் அடித்துவிட்டார் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தான். கிட்டத்தில் பார்த்தால், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதித் தேதி போட்டிருந்தது. நாலு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து.

“சாட்சிக் கையெழுத்துன்னா கண்ணால பாத்திருக்கணும்ல. பாக்காமப் போட்டா பொய்ச்சாட்சி. கட்டைவிரல் ரெண்டும் வீங்கிப்போச்சு.”

இன்பராஜ் ஐந்தாவது பக்கத்தைத் திருப்பினான். ‘முயல் ராஜா’. கையெழுத்து இல்லை. பதினெட்டைச் சுற்றி ஒரு வட்டம்.

“இதுல மட்டும் போடலையே ஐயா. ஒன்பதாவது லெவல்ல தலை உருளுதே, பாக்கலையா?”

“பாத்தேன். நீ பத்தாவது லெவலைப் பாத்தியா?”

அவன் தூக்கி எறிந்த கேமில் பத்தாவது லெவலை எங்கே போய்ப் பார்ப்பது?

“ஏலே, அது வைக்கோல் தலை. எதிரியை ஏமாத்த வச்ச பொம்மை. அண்ணன்காரன் கிணத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கான். கடைசியில ரெண்டு பேரும் சேந்துதான் வீட்டுக்குப் போறானுக. ஏழுன்னு கம்பெனிக்காரன் போட்டது தப்புதான். பச்சப்புள்ள பயப்படும். பதினெட்டுன்னு நீ போட்டதும் தப்பு. பன்னெண்டுன்னு மாத்து, கையெழுத்துப் போடுறேன்.”

பேனாவை நீட்டினார்.

“அவன் நாலு லெவல் பாத்துட்டு எழுதுனான். நீ ஒன்பது பாத்துட்டு எழுதுன.”

இன்பராஜ் பதினெட்டை அடித்தான். பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதினான். அவர் கீழே கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, நோட்டை அவன் பக்கம் தள்ளினார்.

“பெனிட்டாகிட்ட ஓடிப்போய்ச் சொல்லணும் ஐயா,” என்று எழுந்தான், “அந்த முயல் சாகலைன்னு.”

“அதுகிட்டப் புதன்கிழமையே சொல்லியாச்சு” என்றார் உபதேசியார். “நீ ஒருத்தன்தான் பாக்கி.”