புதன்கிழமை எங்கே போகிறார்?

"உங்கப்பா மாஹிம் மாதா கோயில் நொவேனா செபத்துக்குப் போகலட்டி. வேற எங்கயோ போறாவ," என்றாள் லூசியம்மாள்.

சுஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா, வாராவாரம் கோயிலுக்குத்தான போறாங்க?"

"கோயிலுக்குப் போன மனுசன் கோயில்ல இல்லியே! நேத்து நானே போயித் தேடிப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன். தேச்ச சட்ட, வழுவழுன்னு ஷேவிங், சென்ட் வேற. இந்த வயசுல யாருக்குட்டி இந்த மினுக்கு?"

அப்பா சூசைமாணிக்கம் தாராவியில் லெதர் பை பட்டறையில் கட்டிங் மாஸ்டர். மற்ற நாளெல்லாம் தாடியும் கசங்கின சட்டையுமாகத் திரிகிறவர்தான். அம்மா சந்தேகப்படுவதிலும் நியாயம் இருக்கிறதோ? ச்சே, அப்பாவைப் போய் அப்படி நினைப்பதா? சுஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த புதன் செம்பூர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவின் பின்னாலேயே போனாள்.

அவர் மாஹிம் பக்கமே போகவில்லை. வேறு பஸ் ஏறி இறங்கி ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்தார். சுஜா நிமிர்ந்து போர்டைப் படித்தாள்.

மனநல ஆஸ்பத்திரி.

இதற்கு அம்மாவின் சந்தேகமே தேவலை போலிருந்தது.

அவள் ஸ்கூலில் சேர்ந்த புதிதில் அப்பா இங்கேதான் கிடந்தார். காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு அலறுவார். "இது தீராதும்மா. போகப் போக மோசமாத்தான் ஆகும்" என்று டாக்டர் சொன்னதை நினைத்து அம்மா இன்றைக்கும் அழுவாள். ஆனால் அப்பா தேறி வந்தார். பிறகு பார்த்த வேறொரு டாக்டர் மாத்திரையைக் குறைத்து நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று.

மறுபடியும் வந்துவிட்டதா? வந்திருந்தால் சென்ட் எதற்கு?

உள்ளே பெஞ்சில் அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கையில் கேஸ் பேப்பர் இல்லை. டோக்கனும் இல்லை.

"அப்பா!"

திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏட்டி, நீ எங்க இங்க?"

"அதத்தான் நானும் கேக்குறேன். திரும்பவும் காதுல சத்தம் கேக்குதா? மறைக்காம சொல்லுங்கப்பா."

"எனக்கு ஒண்ணுமில்ல மக்களே. நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கிறவங்களுக்கு இங்க என்ன வேல?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அறைக்கதவு திறந்தது. தலை நரைத்த டாக்டர் வைத்தீஸ்வரன் வெளியே வந்தார். கூடவே கண்ணீரும் கம்பலையுமாக ஓர் இளம்பெண். அவள் கையைப் பிடித்தபடி, தரையையே பார்த்துக்கொண்டு அவள் புருஷன்.

"குணமாகுமா குணமாகுமான்னா நான் என்ன ஜோசியமா சொல்ல முடியும், மாரீஸ்வரி? அதோ, அவரைப் பாருங்கோ. இதே வியாதிதான். உங்க ஆத்துக்காரரைவிட மோசமாக் கிடந்தவர்."

மாரீஸ்வரி நம்பாமல் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரு தாயி. தம்பி, நீயும் உக்காருடே. நம்ம எந்த ஊரு?"

அவன் மெல்ல நிமிர்ந்தான். "சாத்தான்குளம்," என்றான். மாரீஸ்வரி அழுகையை நிறுத்திவிட்டுப் புருஷனையே பார்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சுஜா கேட்டாள். "அம்மாட்டயாவது சொல்லிருக்கலாம்லப்பா?"

"ஆஸ்பத்திரின்னு சொன்னாலே உங்கம்மா அழுதுருவா."

"உங்களுக்குத் தீராதுன்னு சொன்னது இந்த டாக்டர்தான?"

"இவருதான். ஒரு நாள் மாட்டுங்கா மார்க்கெட்ல என்னப் பாத்து அசந்துட்டாரு. அவரு படிச்ச காலத்துப் புஸ்தகமெல்லாம் தீராதுன்னுதான் சொல்லுமாம். ஆஸ்பத்திரில டாக்டருங்க கண்ணுல தினம் பட்டவங்களும் தீராதவங்கதான?"

"அப்ப, உங்கள மாதிரி குணமானவங்க?"

"நிறைய பேரு இருக்காங்களாம் மக்களே. ஆனா குணமானவன் எவனும் அந்த வாசல் பக்கம் திரும்பிப் பாக்கதில்ல. அதான் நான் போறேன்."