வார்னிஷ் காயவில்லை

இது பஸ்மியா சொல்லி எனக்குத் தெரிந்த கதை. துறைமுக அலுவலகத்தில் நிரோஜினிக்குப் பக்கத்து மேசை அவளுடையது. நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் இரண்டு தரம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

சபையில் பெண்களுக்கென்று வைக்கும் மாதர் ஞாயிறு வந்தாலே நிரோஜினிக்கு எரிச்சல். சோடனை பெண்கள், பாட்டு பெண்கள், தேத்தண்ணியும் ரோல்ஸும் பெண்கள். ‘வேதத்தில் பெண்கள்’ என்ற பிரசங்கம் மட்டும் ஒவ்வொரு வருடமும் ஒரு ஆண்.

இந்த முறை போதகர் வெளியூர் போக இருந்தார். போகமுன் நிரோஜினியைப் பேசச் சொன்னார். அவள் ஒரு மாதமாக ஆயத்தம் செய்தாள்.

பிறகு சபைச் செயலாளர் சசிகரன் ஆராதனைத் தாளைக் காட்டினார். அவள் பெயருக்கு நேரே ‘சாட்சி’ என்றிருந்தது. ‘பிரசங்கம்’ அவர் பெயரில்.

“நான் பிரசங்கமெல்லோ ஆயத்தப்படுத்தினனான், அங்கிள்?”

“அதையே சொல்லுங்கோ பிள்ளை, ஆர் வேண்டாமெண்டது? பீடத்தில ஏறிச் சொன்னாப் பிரசங்கம். கீழ நிண்டு சொன்னாச் சாட்சி. பொம்பிளையள் சாட்சி சொல்லலாம்.”

“ஆறு படிதானே வித்தியாசம்?”

“ஓம். அந்த ஆறு படிதான்.”

அதற்கு மேல் அவரோடு கதைக்க ஏலாது.

சனிக்கிழமை பின்னேரம் கோயிலில் பூ அடுக்கிக்கொண்டிருந்த பாக்கியரத்தினம் அன்ரிக்கு அவள் ஒருமுறை பேசிக் காட்டினாள். எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்து ராசா பார்வோன். கொல்லாமல் விட்ட இரண்டு மருத்துவச்சிகள், சிப்பிராள், பூவாள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, நாங்கள் போய்ச் சேரமுன்னமே அந்தப் பெண்கள் பெற்றுவிடுகிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தார்களாம்.

“நாளைக்கு நான் பீடத்திலதான் ஏறப்போறன் அன்ரி. நடக்கிறது நடக்கட்டும்.”

அன்ரி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. “அப்ப அவையள் ராசாவுக்குப் பொய்யெல்லோ சொன்னவை? கடவுள் கோவிக்கேல்லையோ?”

“இல்லை. அவையளுக்கு நன்மை செய்தவர் எண்டுதான் கிடக்கு.”

“ம்,” என்று அன்ரி பூச்சாடியைத் திருப்பி வைத்தார்.

ஞாயிறு காலை பீடத்துப் படிக்குக் குறுக்கே ஒரு கயிறு. பக்கத்தில் வார்னிஷ் பேணி, அதன் மேல் பிரஷ். கயிற்றில் அன்ரியின் கையெழுத்தில் ஒரு தாள்: ‘வார்னிஷ் காயவில்லை. ஏற வேண்டாம்.’

சசிகரன் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். நிரோஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்ரியிடம் வாய் விட்டதே பிழை.

“இண்டைக்குத்தானா உங்களுக்கு வார்னிஷ், அன்ரி?”

“மாதர் ஞாயிறெல்லோ பிள்ளை. வடிவா இருக்கட்டும்.”

வேறு வழியில்லாமல் நிரோஜினி கீழே நின்று பேசினாள். கோபத்தில் நன்றாகவே பேசினாளாம்.

அடுத்து சசிகரன் எழுந்து போய்க் கயிற்றைத் தூக்கினார்.

“ஐயோ, கவனம் செயலாளர் ஐயா,” என்றார் முன் வாங்கிலிருந்த அன்ரி. “கடல் காத்துக்கு லேசில காயாது. உங்கட வெள்ளைக் காற்சட்டை வீணாப் போயிடும். கீழ நிண்டே சொல்லுங்கோ.”

அவர் கயிற்றை விட்டார். கீழே, நிரோஜினி நின்ற அதே இடத்தில் போய் நின்றார். அன்ரி ஆராதனைத் தாளைப் பார்த்தபடி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

“அப்ப இண்டைக்கு ரெண்டு சாட்சி.”

மூன்று மாதம் கழித்து நான் அந்தக் கோயிலுக்குப் போனேன். கயிறும் தாளும் பேணியும் அப்படியே இருந்தன. போதகரும் இப்போது கீழே நின்றுதான் பேசுகிறாராம்.

ஆளில்லாத நேரம் படியில் விரல் வைத்துப் பார்த்தேன். பழைய பூச்சு உரிந்த வெறும் பலகை. பேணியையும் திறந்தேன். உள்ளே வார்னிஷ் எப்போதோ கல்லாகிக் கிடந்தது.