பிளேடு யார் கணக்கு

ஐயாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். ஆராயியின் கடன். அவள் வாங்காத கடன்.

நேற்று மதியம் தூங்குமூஞ்சி மரக் கட்டை ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே இருந்த ஏதோ இரும்பில் மோதி ரம்பத்தின் பிளேடு அறுந்து தெறித்தது. ஆள்மேல் படாதது அண்ணாமலையார் புண்ணியம்.

கட்டையில் ஆணி இருக்கிறதா என்று பார்ப்பது ஆராயியின் வேலை. அதனால் பிளேடும் அவள் தலையில்.

மில் முதலாளி அப்பாதுரை எட்டு பேர் முன்னால் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டார். மேலே அவள் பெயர், கீழே தொகை. பதினெட்டு வாரம் முந்நூறு முந்நூறாகப் பிடிப்பாராம். பத்தொன்பதாவது வாரம் இருநூற்று நாற்பது.

"ஒனக்காகத்தான் வட்டி போடல, பாத்துக்க" என்றார், விபூதி கொடுக்கிறவர் மாதிரி.

பால்காரனுக்கும் மகள் இனியாவின் காலேஜ் பஸ்ஸுக்கும் போக வாரத்தில் மிஞ்சுவதே அந்த முந்நூறுதான். அழுகை வந்திருந்தால் தேவலை. வந்தது ஆத்திரம்.

மில்லுக்கு வருவது வேங்கிக்கால் பக்கம் ரோட்டை அகலப்படுத்த வெட்டிய மரங்கள். முன்பெல்லாம் இந்த மாதிரி மரம் செங்கல் சூளைக்கு விறகாய்ப் போகும். இப்போது அப்பாதுரை ஏலத்தில் எடுத்து, பலகையாக அறுத்துக் காயவைத்து, லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் மேசையாக விற்கிறார். மேசைக்கு மேசை ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 'தெருவில் நிழல் தந்த மரம், இனி உங்கள் வீட்டில்.'

தெருவில் நின்ற மரத்தில் நிழல் மட்டுமா இருக்கும்? டியூஷன் போர்டு, வீட்டுமனை விற்பனை, கண்ணீர் அஞ்சலி, மூலத்துக்கு மருந்து. இந்த ஊரில் எவனுக்கு எதைச் சொல்ல வேண்டுமானாலும் மரத்தின் நெஞ்சில்தான் அடிப்பான். ஒரு கட்டைக்கு முப்பது ஆணி, நாற்பது ஆணி. பட்டையை உரித்து, ஆணி பார்க்கிற மிஷினைத் தடவி, அது கீச்சென்று கத்துகிற இடத்தில் உளியால் தோண்டி, கொறடு போட்டுப் பிடுங்குவாள். எட்டு மாதத்தில் ஆறு பெயிண்ட் டப்பா நிறைய ஆணி.

அதை எவன் எழுதினான் சுவரில்?

இன்று காலை, அந்தக் கட்டையைப் பிளந்து இரும்பை எடுத்தால்தான் புதுப் பிளேடு மாட்டுவேன் என்று சொல்லிவிட்டார் அப்பாதுரை. எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏம்மா, நேத்து கண்ண வூட்லயே வச்சிட்டு வந்தியா?"

"ஒரு ஜாணு உள்ள கீது மொதலாளி. மிஷினு நாலு வெரக்கட ஆழம்தான் பாக்கும்."

ரம்பம் ஓட்டும் விமல்ராஜுக்கு வாய் சும்மா இருக்காது. "அடுத்த தபா ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுத்தாந்துரு, அக்கா. ரிப்போர்ட்ட மொதலாளி படிப்பாரு."

ஆராயி சிரிக்கவில்லை. பிளேடு பாதி அறுத்து விட்டிருந்த வெட்டில் இரும்பு ஆப்பை வைத்தாள். சம்மட்டியை எடுத்தாள்.

முதல் அடி அந்தப் பதினெட்டு வாரத்துக்கு. இரண்டாவது அடி இருநூற்று நாற்பதுக்கு. மூன்றாவது, வட்டி போடாத பெரிய மனசுக்கு.

கட்டை இரண்டாய்ப் பிளந்து விழுந்தது.

உள்ளே ஆணி மட்டும் இல்லை. முழ நீளத்துக்கு ஒரு தகரப் போர்டு. மரம் பெருக்கப் பெருக்க அதை அப்படியே விழுங்கியிருக்கிறது. ஓரமெல்லாம் துரு. நடுவில் பச்சைப் பெயிண்டின்மேல் வெள்ளை எழுத்து மூன்று வரி, காற்றும் மழையும் படாமல் பளிச்சென்று இருந்தது. நாலு மூலைக்கும் நாலு ஆணி. ஒன்றின் தலையில் பிளேடு பட்ட தழும்பு.

விமல்ராஜ் குனிந்து படித்தான். படித்தவன் நேராக ரம்பத்துக்கு எண்ணெய் போடப் போய்விட்டான். எண்ணெய் ஏற்கெனவே போட்டாயிற்று.

அப்பாதுரையும் எழுந்துவந்து பார்த்தார்.

"சரி சரி, அத்த அந்தாண்ட போட்டுட்டு வேலையப் பாரு."

ஆராயி போடவில்லை. நாற்பத்தாறு வயதில் சாயங்கால வகுப்பில் எழுத்து கற்றவள். ஓட்டமாகப் படிக்க வராது. விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. தப்பாகப் படித்துவிட்டோமோ என்று முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

தப்பில்லை.

அப்பாதுரை கிட்டே வந்து குரலைத் தணித்தார். "அந்தக் காசு போனா போவுது, வுடு. நான் அழிச்சுடறேன்."

போனால் போகிறதா? எழுதும்போது எட்டு பேர் முன்னால், அழிக்கும்போது மட்டும் காதோடு காதாகவா?

நாலு ஆணியையும் கொறடால் பிடுங்கி, தகரத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சுவருக்குப் போனாள். முந்தானையால் தன் பெயரை மட்டும் துடைத்தாள். தொகையைத் தொடவில்லை. சாக்பீஸை எடுத்தாள். ஓர் எழுத்தும் பிசகக் கூடாது என்று தகரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

'மரமும் ஓர் உயிரே.
ஆணி அடிக்காதீர்.
உபயம்: கோ. அப்பாதுரை.'

அந்தப் பெயரை மட்டும் பார்த்துப் பார்த்துத் தொகைக்கு மேலே எழுதினாள். இனிஷியலைக்கூட விடவில்லை.