பல்லுக்குப் பல்

திருவிருந்து அப்பம் எடுக்கும் ஞாயிறுக்கு முன்னால் பகையைத் தீர்த்துவிட வேண்டும் என்று அந்தச் சபைக்குப் புதிதாக வந்த பாதிரி ஐயர் கட்டாயமாக்கியிருந்தார். அதனால்தான் சீலாஸ் உபதேசியார் முப்பத்தோரு வருஷம் கழித்து, சனிக்கிழமை சாயங்காலம் தங்கை தங்கபுஷ்பத்தின் வீட்டுப் படியேறினார். மனசுக்குப் பிடித்தவனை அவள் கட்டிக்கொண்ட அன்று, கன்னத்தில் ஓங்கி அறைந்தவர் அவர். அன்றைக்குத் தெறித்து விழுந்த முன்பல்லைக் கைக்குட்டையில் முடிந்து, அவள் இன்னும் பைபிள் பைக்குள் வைத்திருந்தாள்.

“பல்லுக்குப் பல்லுன்னு மோசே சொன்னாரு. கர்த்தர் வந்து அந்தச் சட்டத்தை நிறைவேத்தி முடிச்சிட்டாரு புஷ்பம். மறு கன்னத்தைக் காட்டுறதுதான் இப்ப நமக்கு,” என்று பிரசங்கக் குரலில் சொன்னவர், கன்னத்தையும் லேசாகத் திருப்பினார்.

“கன்னம் எனக்கு வேண்டாம்ண்ணே. வாயத் தொற.”

அவள் கையில் பல் பிடுங்கும் குறடு ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் திறந்தார். தங்கபுஷ்பம் இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்தாள். மேல்வரிசைப் பல்செட்டு முழுசும் கழன்று, எச்சிலோடு அவள் கைக்கு வந்துவிட்டது. ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். பிறகு தன் பல்லோடு சேர்த்து முடிந்துகொண்டாள்.

“பகை தீந்துச்சு. போய்ட்டு வாண்ணே.”

மறுநாள் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்றதைப் பார்த்துச் சபையே ஸ்தோத்திரம் சொன்னது. உபதேசியார் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மனசு உடைந்து அழுகிறார் என்று நினைத்தார்கள். ஐயர் கொடுத்த அப்பத்தைத் தங்கபுஷ்பம் அவர் பக்கமாகத் திரும்பி, நிதானமாக மென்றாள்.