காற்றடித்த புண்ணியவான்

கொட்டகையில் மனைவியின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த வெண்டலின் கையோடு பம்ப்பின் கைப்பிடி முறிந்து வந்துவிட்டது. உறைகுளிரில் விறைத்துப்போன பிளாஸ்டிக்கின் மேல் முழு பாரத்தையும் போட்டு அமுக்கினால் அதுதான் என்ன செய்யும், பாவம்.

பின்சக்கரம் மட்டும் முடிந்திருந்தது. துவண்டு கிடந்த டயர் இப்போது கல் மாதிரி ஆகியிருந்தது. "ஒண்ணே போதும்" என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, உடைந்த பம்ப்பை விறகுக் குவியலுக்குப் பின்னால் செருகினான்.

ஆசை ஆசையாய்ப் பணிவிடை செய்கிற கணவன் என்று நினைத்துவிடாதீர்கள். பனித்தடத்தில் டயர் தொளதொளவென்று இருந்தால்தான் வண்டி மிதக்கும். கல்லாக இருந்தால் கத்தி மாதிரி உள்ளே இறங்கி ஆளைக் கவிழ்த்துவிடும். மற்ற ஊர்களில் எதிராளியைக் கவிழ்க்கக் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். அலாஸ்காவில், இந்த ஃபேர்பேங்க்ஸில், அடித்துவிட வேண்டும்.

மறுநாள், நாய்கள் இழுக்கும் பனிவண்டிகளின் தடத்தில் சைக்கிள் பந்தயம். ஜெயிக்கிறவருக்கு ஒரு கோப்பை உண்டு. அது யாருக்கு வேண்டும்? வெண்டலுக்கும் மனைவி மார்னிக்கும் நடுவே வேறொரு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் பலர் வீட்டைப் போல இவர்கள் மரவீட்டிலும் தண்ணீர்க் குழாய் கிடையாது. கக்கூஸ் தோட்டத்துக் கோடியில். குளிர்காலத்தில் குழிக்குள் விழுவது விழுந்த இடத்திலேயே உறைந்து, மெல்ல மெல்லக் கோபுரமாக எழும்பி, உட்காருகிறவர்களை நலம் விசாரிக்கிற உயரத்துக்கு வந்துவிடும். சைக்கிள் பந்தயத்தில் இரண்டு பேரில் பின்னால் வருகிறவர் கடப்பாரையால் அதை இடிக்க வேண்டும். நான்கு குளிர்காலமாக இடிப்பவன் வெண்டல்.

இந்த வருஷமாவது தப்பிக்கத்தான் ஐந்து அங்குல அகல டயர் வாங்கினான். அது பழைய வண்டியின் ஃபிரேமுக்குள் நுழையவே மாட்டேன் என்றது. கடைசியில் மார்னிக்கும் சேர்த்து இரண்டு வண்டிகளையும் அடியோடு மாற்றினான்.

"டயருக்கு ஃபிரேம், ஃபிரேமுக்கு அச்சு, அச்சுக்குப் பெடல் கிராங்க். வீட்டுக்கு மட்டும் ஒரு குழாய் கிடையாது!" என்றாள் மார்னி அப்போது.

"ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும் கண்ணு, அதான் முக்கியம். ரெண்டு வண்டிக்கும் ஒரே அளவுல வாங்கியிருக்கேன். என் சக்கரத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னுதை மாட்டிக்கலாம்ல?"

"என்னுதுக்கு ஆச்சுன்னா?"

"அதை அப்பப் பாத்துக்கலாம்."

இப்போது கொட்டகைக்கு வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. டவுனில் துணி துவைத்து, கேன்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மார்னி திரும்பிவிட்டாள். வெண்டல் சீட்டியடித்தபடியே கொட்டகையை விட்டு வெளியே வந்தான்.

மறுநாள் காலை தன் பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். ஒரு வாரமாகக் காலையில் துவண்டு துவண்டு கிடந்த டயர் அது. குளிரில் சுருங்குகிறது என்று அவனே காரணமும் சொல்லியிருந்தான். இன்று வைத்தது வைத்தபடி நின்றது. நல்ல சகுனம்!

"பம்ப்பை எங்க வெச்சே?" என்றாள் மார்னி.

வெண்டல் அவசரமாக ஹெல்மெட்டை மாட்டினான். "பம்ப்பா? எதுக்கு?"

அவள் குனிந்து தன் பின் டயரை அமுக்கினாள். புருவம் மேலே போனது. "அட! சரி, வேண்டாம்."

இரண்டு உறை மாட்டிய கைக்கு என்ன தெரியப்போகிறது என்று வெண்டல் சமாதானம் அடைந்தான்.

ஆற்றைத் தாண்டும்வரை அவன்தான் முன்னால். நாய்கள் மிதித்துக் குழப்பிய பொதபொதப் பனி அங்கேதான் ஆரம்பம். மார்னி கவிழ்கிற காட்சியைத் தவறவிடக் கூடாதே என்று திரும்பித் திரும்பிப் பார்த்து ஓட்டியதில், இவன் தடத்தை விட்டு விலகி இடுப்பளவு பனிக்குள் தலைகீழாகப் போனான்.

மார்னி அன்னம் மாதிரி மிதந்து வந்தாள். "என்ன ராசா, நீச்சலா?"

போய்விட்டாள்.

பந்தயம் முடிகிற மரவீட்டில், அடுப்போரம் உட்கார்ந்து மூஸ்மான் கறிச் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெண்டலுக்கு இறங்கவில்லை.

"அந்தப் பொதபொதப்புல உன் டயர் எப்படிப் புதையல?"

"பனி இன்னிக்கு நல்லா இருந்துச்சு."

"இல்ல, அந்தப் பின் டயர்…"

"சூப் ஆறுது, குடி."

"மார்னி, நிஜத்தைச் சொல்லு. என் தலையே வெடிச்சிடும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது என் சக்கரமே இல்ல, உன்னுது. ஒரு வாரமா கசியுது. நீ என்னடான்னா குளிருதான் காரணம்னு ஒத்தக்கால்ல நிக்கறே. நடுவழியில நின்னுட்டா அழுவியேன்னு நேத்துக் காலையில என் சக்கரத்தைக் கழட்டி உனக்கு மாட்டிட்டேன். எல்லாம் ஒரே அளவுதானே?"

வாய்க்குப் போன வெண்டலின் கரண்டி பாதி வழியில் நின்றது. "அப்போ… அந்த ஓட்டைச் சக்கரத்தோட நீ…"

"கிளம்பறப்போ காத்தடிச்சுக்கலாம்னு இருந்தேன். எந்தப் புண்ணியவானோ முந்திக்கிட்டு நிறைய அடிச்சு வெச்சிருக்கான். ராத்திரியெல்லாம் கசிஞ்சு, காலையில கச்சிதமா வந்து நின்னுடுச்சு."

அவன் தட்டில் இன்னொரு ரொட்டித் துண்டை வைத்தாள்.

"நல்லா சாப்பிடு. கடப்பாரை விறகுக்குப் பின்னாடி இருக்கு, உடைஞ்ச பம்ப்புக்குப் பக்கத்துல."